பிள்ளைக்கு அளவெடுத்த பால்

ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம், ஒரு நாள் உணவை ஒரு தட்டாக வரைந்து காட்டும் படம் ஒன்றை வெளியிட்டிருக்கிறது. 2,000 கலோரிக்குக் கணக்குப் போட்ட அந்தத் தட்டோடு 300 மில்லி பால் அல்லது தயிரும் சேர்கிறது. பால்குடி மறந்த பெரியவர்களுக்கும் அன்றாடம் பால் வேண்டும் என்ற எண்ணம் அரசுக் காகிதத்தில் எப்போது ஏறியது? எந்தச் சான்றைக் காட்டி ஏறியது? விடை தேடி, பழைய அறிக்கைகளையும் ஆய்விதழ்களையும் பின்னோக்கிப் புரட்டிக்கொண்டு போனேன்.

முதல் தடம் தமிழ்நாட்டிலேயே கிடைத்தது. அந்த நிறுவனத்தின் பிறந்த வீடு நீலகிரி. குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில் ராபர்ட் மெக்கரிசன் தொடங்கிவைத்த ஆய்வுக்கூடம்தான் 1958-ல் ஹைதராபாத்துக்குக் குடிபெயர்ந்து, 1969-ல் இன்றைய பெயரைப் பெற்றது. மெக்கரிசனுக்குப் பின் இயக்குநரான டபிள்யூ. ஆர். அய்க்ராய்ட், 1937-ல் குன்னூரிலிருந்து 'ஹெல்த் புல்லட்டின் எண் 23' என்ற கையேட்டைக் கொண்டுவந்தார். இந்திய உணவுப்பொருள்களின் சத்து அட்டவணைகள் அடங்கிய இந்தக் கையேடு, பல பதிப்புகள் கண்டது. வயது வந்த ஒருவருக்கான சமச்சீர் உணவுப் பட்டியலும் அதில் உண்டு. அரிசி, கம்பு கேழ்வரகு வகைகள், பருப்பு, காய்கறி என்று நீளும் அந்தப் பட்டியலில் பால் 8 அவுன்ஸ். அதாவது ஏறக்குறைய 225 மில்லி, ஒரு பெரிய டம்ளர்.

கையேட்டின் வாதத்தில் பிழை சொல்ல முடியாது. தீட்டிய அரிசியையே நம்பியிருந்த ஏழை வயிற்றுக்குக் கால்சியம், வைட்டமின் ஏ, நல்ல புரதம் மூன்றும் பற்றாக்குறை. மூன்றையும் ஒரே பாத்திரத்தில் தருவது பால். ஆனால் பால் கொடுத்துப் பார்த்த சோதனை எது? அதே 1937-ல் அய்க்ராய்டும் பி. ஜி. கிருஷ்ணனும் இந்திய மருத்துவ ஆராய்ச்சி இதழில் எழுதிய கட்டுரை கண்ணில் பட்டது. கொழுப்பு நீக்கிய பாலை வழக்கமான சாப்பாட்டோடு சேர்த்துக் கொடுத்ததில் உயரமும் எடையும் கூடின என்கிறது அது. பால் குடித்தவர்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகள்.

சரி, இன்னும் பின்னால் போவோம் என்று மெக்கரிசனின் எலிகளிடம் போனேன். 1920-களில் குன்னூரில் அவர் நடத்திய சோதனை உலகப் புகழ் பெற்றது. எலிகளை ஏழு கூட்டமாகப் பிரித்து, சீக்கியர், பட்டாணியர், மராட்டியர், கூர்க்காக்கள், கன்னடர், வங்காளியர், மதராஸிகள் உண்ணும் சாப்பாட்டைக் கூட்டத்துக்கு ஒன்றாகப் போட்டு வளர்த்தார். 1936-ல் லண்டனில் ஆற்றிய கான்டர் உரைகளில் அவர் சொன்ன கணக்குப்படி, சீக்கியச் சாப்பாட்டு எலியின் சராசரி எடை 235 கிராம், மதராஸ் சாப்பாட்டு எலிக்கு 155 கிராம். பால் குடித்தால் பஞ்சாபியைப் போல வளரலாம் என்ற நம்பிக்கைக்கு இதைவிடத் தோதான எண் கிடைக்காது. சாப்பாட்டு விவரத்தைப் பார்த்தால் கதை மாறுகிறது. சீக்கியத் தட்டில் பாலும் வெண்ணெயும் மட்டுமா இருந்தன? தவிடு நீக்காத கோதுமைச் சப்பாத்தி, பருப்பு, காய்கறி, இறைச்சி எல்லாம் இருந்தன. எடை கூடியதற்கு இவற்றில் எது காரணம் என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. அதோடு, சோதனைக்கு எடுத்தவை வளரும் இளம் எலிகள்.

பாலை மட்டும் தனியே பிரித்துப் பார்த்த ஆய்வு இங்கிலாந்தில் இருந்தது. ஹெச். சி. கோரி மான், சிறுவர் இல்லம் ஒன்றில் நடத்திய சோதனையின் அறிக்கையை 1926-ல் அங்கத்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் வெளியிட்டது. இல்லத்துச் சாப்பாட்டை மட்டும் உண்ட பையன்கள் ஓராண்டில் சராசரியாக 3.85 பவுண்டு எடை கூடினார்கள். அதோடு தினம் ஒரு பைண்ட் பாலும் குடித்தவர்கள் 6.98 பவுண்டு கூடினார்கள். உயரத்திலும் 1.84 அங்குலத்துக்கு எதிராக 2.63 அங்குலம். தெளிவான வித்தியாசம்தான். இங்கும் குடித்தவர்கள் சிறுவர்கள்.

அடுத்து வந்தது ஸ்காட்லாந்தின் லனார்க்ஷயர் சோதனை. 1930 பிப்ரவரி முதல் ஜூன் வரை 20,000 பள்ளிப் பிள்ளைகள். பாதிப் பேருக்குத் தினம் முக்கால் பைண்ட் பால், மீதிப் பேருக்கு ஒன்றும் இல்லை. பால் வளர்ச்சியைக் கூட்டுகிறது என்று முடிவு வந்தது. மறு ஆண்டே 'ஸ்டூடன்ட்' என்ற புனைபெயரில் ஒருவர் 'பயோமெட்ரிகா' இதழில் அந்த முடிவைத் தோலுரித்தார். டப்ளின் கின்னஸ் மது ஆலையில் வேலை பார்த்த புள்ளியியலாளர் வில்லியம் கோசெட்தான் அவர். யாருக்குப் பால் என்பதைச் சீட்டுக் குலுக்கியோ அகரவரிசைப்படியோ எடுத்துவிட்டு, ஒரு பக்கம் நோஞ்சான்கள் அதிகமாகத் தெரிந்தால் மாற்றிக்கொள்ளலாம் என்று ஆசிரியர்களுக்கு அனுமதி தரப்பட்டிருந்தது. வாடிய முகத்தைப் பார்த்த வாத்தியாருக்கு மனசு கேட்குமா? தொடக்க அளவிலேயே பால் கிடைக்காத பிள்ளைகள் எடையில் மூன்று மாத வளர்ச்சியும் உயரத்தில் நான்கு மாத வளர்ச்சியும் முந்தி நின்றார்கள். எடை பார்த்ததும் உடுப்போடுதான். பிப்ரவரியில் கனத்த குளிர்கால உடுப்பு, ஜூனில் மெல்லிய உடுப்பு. வசதியான பிள்ளையின் குளிர்கால உடுப்பு ஏழைப் பிள்ளையின் உடுப்பைவிடக் கனம். அதனால் வசதியானவர்கள் மிகுந்த பக்கம் ஜூனில் எடை குறைவாகக் கூடியது போலத் தெரிந்திருக்கும், அந்த லாபம் பாலின் கணக்கில் ஏறியிருக்கும் என்றார் கோசெட். இத்தனை பேர் வேண்டாம், ஒரே சாயலில் பிறந்த இரட்டையர் 50 ஜோடி போதும் என்று மாற்று வழியும் சொன்னார்.

ஆக, குன்னூரிலும் இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் நான் பிடித்துப்போன தடம் ஒவ்வொன்றும் வளரும் உடலில்தான் போய் நின்றது. பிள்ளைக்கு அளவெடுத்துத் தைத்த சட்டையை அப்பாவுக்கும் மாட்டிவிட்டிருக்கிறோம்.

அப்பாவின் குடலை மருத்துவர்கள் கவனிக்கத் தொடங்கியது 1960-களில். பால் சர்க்கரையான லாக்டோஸைச் சிறுகுடலில் உடைப்பது லாக்டேஸ் நொதி. அது குறைந்தால், உடையாத சர்க்கரை பெருங்குடலுக்குப் போய்ப் புளிக்கிறது. வயிறு உப்புகிறது, பிடுங்குகிறது, பேதியாகிறது. இந்தக் குறை பெரியவர்களிடம் பரவலாக இருக்கிறது என்று 1965-ல் 'லான்செட்' இதழில் குவாட்ரகாசாஸும் சகாக்களும் எழுதினார்கள். 1981-ல் டாண்டனும் சகாக்களும் வெளியிட்ட இந்திய ஆய்வில், டெல்லியில் 27.4 சதவீதத்தினருக்கு லாக்டோஸ் ஒத்துக்கொள்ளவில்லை. திருவனந்தபுரம், புதுச்சேரி மையங்களில் அது 66.6 சதவீதம். வளர்ந்த பிறகும் நொதியைத் தக்கவைக்கும் மரபணு மாற்றத்தை ஃபின்லாந்துக் குடும்பங்களில் 2002-ல் கண்டுபிடித்தார்கள். அதே மாற்றம் இந்தியாவிலும் இருப்பதை 2012-ல் வெளியான ஆய்வு காட்டியது. வடமேற்கில் அதிகம், தெற்கும் கிழக்கும் வர வரக் குறைவு.

இதைப் படித்துவிட்டுப் பாலைக் கொட்டிவிட வேண்டியதில்லை. அந்தக் காலத்து ஆய்வுகளில் வழக்கமாகக் கொடுத்த லாக்டோஸ் 50 கிராம், ஏறக்குறைய ஒரு லிட்டர் பாலில் இருக்கும் அளவு. வெறும் வயிற்றில் ஒரு லிட்டர் பாலை யார் குடிக்கிறார்கள்? ஒரு வேளைக்கு 12 கிராம், அதாவது ஒரு கப் பால் வரை பெரும்பாலோர் பெரிய தொந்தரவில்லாமல் தாங்குவார்கள் என்று அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனம் கூட்டிய நிபுணர் குழு 2010-ல் சொன்னது. காபியில் கலக்கும் பால் அதைவிடக் குறைவு. தயிரில் இருக்கும் நுண்ணுயிர்கள் குடலுக்குள்ளேயே லாக்டோஸை உடைக்க உதவுகின்றன என்று 1984-ல் நிரூபணமானது. மோர்ச்சோறு சாப்பிட்டே வளர்ந்த வயிறுகளுக்கு அது நல்ல செய்தி.

எலும்புக்குப் பால் கட்டாயமா? ஒரே எலும்புக்கு நாட்டுக்கொரு கணக்கு. பெரியவருக்கு ஒரு நாளைய கால்சியம் பிரிட்டனில் 700 மில்லிகிராம், அமெரிக்காவில் 1,000. இந்தியாவில் 2010-ல் 600 என்று இருந்தது, 2020-ல் 1,000 ஆனது. பால்தான் தர முடியும் என்பதும் இல்லை. 100 கிராம் பசும்பாலில் கால்சியம் 120 மில்லிகிராம் அளவு. அதே எடைக் கேழ்வரகில் 340-க்கு மேல்.

ஆயுளைப் பற்றிய சாட்சிகள் முரண்படுகின்றன. 2014-ல் வந்த ஸ்வீடன் ஆய்வில், தினம் மூன்று டம்ளரும் அதற்கு மேலும் பால் குடித்த பெண்களிடம் இறப்பு கூடுதல், புளித்த பால் சாப்பிட்டவர்களிடம் குறைவு. எச்சரிக்கையோடு படியுங்கள் என்று ஆய்வாளர்களே சொன்னார்கள். இந்தியா உட்பட 21 நாடுகளில் நடந்து 2018-ல் வெளியான 'ப்யூர்' ஆய்வில், பால் பொருள்கள் கூடுதலாகச் சாப்பிட்டவர்களிடம் இறப்பு குறைவு. இரண்டுமே மக்களின் பழக்கத்தைக் கவனித்து எழுதியவை, கொடுத்துப் பார்த்த சோதனைகள் இல்லை. தீர்ப்பு எழுத இது போதாது.

ஆவணங்கள் சொல்வது இவ்வளவுதான்: சத்துக் குறைந்த சாப்பாட்டில் வளரும் பிள்ளைக்குப் பால் உதவும், சான்று உண்டு. பெரியவருக்குப் பால் நல்ல உணவுகளில் ஒன்று. ஒத்துக்கொண்டால் குடிக்கலாம், ஒத்துக்கொள்ளாவிட்டால் தயிருக்கும் மோருக்கும் மாறலாம், இரண்டும் வேண்டாமென்றால் கேழ்வரகும் கீரையும் முள்ளோடு தின்னும் சிறுமீனும் இருக்கின்றன. உணவுத் தட்டைத் திருத்தி வரையும் அடுத்த குழு, 300 மில்லிக்குப் பக்கத்தில் இந்த மாற்றுகளையும் அதே அளவு எழுத்தில் போட்டால் அது சான்றுக்கு நெருக்கமாக இருக்கும்.