ஊரார் பிள்ளைக்காக ஓடியவர்கள்

1988 நவம்பர் 6, ஞாயிற்றுக்கிழமை. அன்று நடந்த நியூயார்க் மாரத்தானில் நார்வேயைச் சேர்ந்த கிரெட்டே வைட்ஸ் பெண்கள் பிரிவில் ஒன்பதாவது முறையாக வென்றார். ஓட்ட வரலாற்றுப் புத்தகங்கள் அந்த நாளை அவருக்காகத்தான் நினைவு வைத்திருக்கின்றன. அதே பாதையில், அவருக்கு வெகுநேரம் பின்னால், 38 பேர் கொண்ட ஒரு குழுவும் ஓடி முடித்தது. பரிசு, சாதனை என்று எதற்கும் அவர்கள் வரவில்லை. ஆனால் மாரத்தான் என்றால் என்ன என்பதை அடுத்த முப்பது வருடங்களில் அதிகம் மாற்றியது வைட்ஸ் அல்ல, அந்த 38 பேர்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

குழுவைச் சேர்த்தவர் புரூஸ் கிளேலண்ட். நியூயார்க் நகருக்கு வடக்கே வெஸ்ட்செஸ்டர் பகுதியைச் சேர்ந்தவர். 1986இல் அவருடைய மகளுக்கு ரத்தப் புற்றுநோய் என்று தெரியவந்தது. அப்போது குழந்தைக்கு இரண்டு வயது. குழந்தைகளுக்கு வரும் அந்த வகை லுகேமியாவுக்குச் சிகிச்சை இரண்டு மூன்று வருடங்கள் நீளும். ஊசி, மாத்திரை, ரத்தப் பரிசோதனை, காய்ச்சல் வந்தால் உடனே ஆஸ்பத்திரி என்று வீடே ஒரு வார்டாக மாறிவிடும். அந்த நாட்களில்தான் கிளேலண்ட் நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு மாரத்தான் ஓடுவது என்று முடிவெடுத்தார். 38 பேரும் சேர்ந்து 3,22,000 டாலர் திரட்டினார்கள்.

கதையில் நாம் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். அந்தப் பணம் அவருடைய மகளின் ஆஸ்பத்திரி பில்லுக்குப் போகவில்லை. லுகேமியா சொசைட்டி என்ற அமைப்புக்குப் போனது. அதுவும் ஒரு பெற்றோர் ஆரம்பித்ததுதான். பதினாறு வயது மகனை லுகேமியாவுக்குப் பறிகொடுத்த ஒரு தம்பதி 1949இல் தொடங்கியது. அமைப்பின் வேலை ஆராய்ச்சிக்குப் பணம் தருவது. ஆக கிளேலண்ட் ஓடியது தன் மகளின் பெயரில், பணம் போனது இன்னும் நோய் வராத, இன்னும் பிறக்காத குழந்தைகளுக்கு.

‘ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும்’ என்று நம்ம ஊரில் சொல்வார்கள். கேட்க நல்லா இருக்கும். நிஜத்தில் அப்படி நடக்குமா, நடந்தால் எந்த வழியாக நடக்கும் என்பதைத் தேடிப் போனபோது கிடைத்தவைதான் இந்தக் கட்டுரை.

*

முதலில் ஒரு விஷயம். மாரத்தானுக்கும் தர்மத்துக்கும் ஆரம்பத்தில் எந்தச் சம்பந்தமும் கிடையாது. 1896 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் அது ஒரு பந்தயம். 1897இல் பாஸ்டனில் தொடங்கியதும் பந்தயம்தான். 1970இல் நியூயார்க்கின் முதல் மாரத்தான் சென்ட்ரல் பார்க்குக்குள்ளேயே சுற்றிச் சுற்றி நடந்தது. நுழைவுக் கட்டணம் ஒரு டாலர். 127 பேர் பதிவு செய்து 55 பேர் முடித்தார்கள். வேகமாக ஓடத் தெரிந்தவர்கள் தங்களுக்குள் நடத்திக்கொண்ட விளையாட்டு, அவ்வளவுதான்.

அதை முதலில் உடைத்தவர் பந்தயத்திலேயே இல்லாத ஒருவர். கனடாவின் டெர்ரி ஃபாக்ஸ். எலும்புப் புற்றுநோயால் 1977இல் வலது கால் எடுக்கப்பட்டது. சிகிச்சைக்குப் போன இடத்தில் கூட இருந்த நோயாளிகளின், முக்கியமாகக் குழந்தைகளின் வேதனையை அவரால் மறக்க முடியவில்லை. 1980 ஏப்ரல் 12 அன்று கனடாவின் கிழக்கு முனையிலிருந்து செயற்கைக் காலோடு ஓட ஆரம்பித்தார். தினமும் ஏறக்குறைய ஒரு மாரத்தான் தூரம். 143 நாட்கள், 5,373 கிலோமீட்டர். புற்றுநோய் நுரையீரலுக்குப் பரவியதால் செப்டம்பர் 1 அன்று நிறுத்த வேண்டியதாயிற்று. அடுத்த வருடம் ஜூனில் இறந்தபோது அவருக்கு வயது 22. ஒவ்வொரு கனடியரிடமிருந்தும் ஒரு டாலர் என்பது அவர் வைத்த இலக்கு. அது அவர் உயிரோடு இருக்கும்போதே நிறைவேறியது. இன்று உலகின் பல ஊர்களில் டெர்ரி ஃபாக்ஸ் ஓட்டம் நடக்கிறது. நம்ம ஐஐடி மெட்ராஸ் வளாகத்திலும் நடந்திருக்கிறது.

ஃபாக்ஸைப் போல எல்லோராலும் ஓட முடியாது. கிளேலண்ட் செய்தது அங்கிருந்துதான் தொடங்குகிறது. ஓட்டமே தெரியாத சாதாரண ஆட்களைக் கொண்டு அதையே ஓர் அமைப்பாக மாற்ற முடியும் என்று காட்டினார். அவருடைய குழு ‘டீம் இன் டிரெயினிங்’ என்ற திட்டமாக வளர்ந்தது. முறை எளிமையானது. நீங்கள் ஒரு தொகை திரட்டித் தருவதாக ஒப்புக்கொள்ள வேண்டும். பதிலுக்கு நான்கைந்து மாதம் பயிற்சி, ஒரு கோச், கூட ஓட ஒரு குழு, பந்தயத்தில் ஓர் இடம். குழுவுக்கு ஒரு நோயாளி ‘மதிப்புக்குரிய அணித்தோழர்’. மழையில் இருபத்தைந்து கிலோமீட்டர் பயிற்சி ஓடும்போது யாருக்காக என்று கேட்டுக்கொள்ள ஒரு பெயர். இதுவரை இந்தத் திட்டம் திரட்டியது நூறு கோடி டாலருக்கும் மேல்.

பழைய ஓட்டக்காரர்கள் முகம் சுளித்தார்கள். அமெரிக்க மாரத்தான்களில் ஆண்களின் இடைநிலை நேரம் 1980இல் மூன்றரை மணி அளவில் இருந்தது. பின்னால் அது நான்கு மணியைத் தாண்டிவிட்டது. மாரத்தானைக் கெடுத்துவிட்டார்கள் என்று புலம்பினார்கள். எனக்கு அந்தக் கூடுதல் அரைமணி நேரம்தான் இந்த வரலாற்றிலேயே பிடித்த எண். ஓட வராதவர்கள் ஓட வந்ததின் கணக்கு அது.

*

ஒரு குழந்தையைக் காட்டி ஊரிடம் பணம் கேட்பது மாரத்தானைவிடப் பழைய பழக்கம். 1948 மே 22 அன்று அமெரிக்க வானொலி நிகழ்ச்சி ஒன்றில் பாஸ்டன் ஆஸ்பத்திரிப் படுக்கையிலிருந்த பன்னிரண்டு வயதுப் பையன் பேசினான். அவனுக்குப் பிடித்த பாஸ்டன் பிரேவ்ஸ் பேஸ்பால் வீரர்கள் ஒவ்வொருவராக அவன் அறைக்குள் வர, அதை நாடே கேட்டது. ஆட்டத்தைப் பார்க்க அவனுக்கு ஒரு டிவி வேண்டும். இருபதாயிரம் டாலர் சேர்ந்தால் வாங்கித் தருகிறோம் என்றார்கள். சேர்ந்தது 2,31,000 டாலருக்கும் மேல். டிவி வந்தது. மிச்சப் பணத்தில் குழந்தைகள் புற்றுநோய் ஆராய்ச்சிக்கான ‘ஜிம்மி நிதி’ பிறந்தது.

ஆனால் அவன் பெயர் ஜிம்மி இல்லை. அவனுடைய அந்தரங்கத்தைக் காக்க வைத்த பெயர் அது. நிஜப் பெயர் ஐனார் குஸ்டாஃப்சன். பிழைத்து, வளர்ந்து, லாரி ஓட்டி, குடும்பம் நடத்தினார். ஜிம்மி எப்போதோ இறந்திருப்பான் என்று எல்லோரும் நினைத்திருக்க, ஐம்பது வருடம் கழித்து 1998இல்தான் அவர் வெளியே வந்தார்.

இந்தப் பெயர் மாற்றம் ஏன் எனக்கு முக்கியம் என்றால், எங்கள் அலுவலகத்தில் இதே கேள்வி வந்தது. என் டீமில் இருக்கும் ஒருவரின் மகனுக்கு டைப் 1 சர்க்கரை. இனிப்பு தின்றதால் வருவது இல்லை. கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை உடம்பே அழித்துவிடும் நோய். தினமும் நாலைந்து ஊசி, அதற்கு மேல் விரலில் குத்திப் பரிசோதனை, வாழ்நாள் முழுக்க. நாங்கள் பத்துப் பன்னிரண்டு பேர் ஒரு அரை மாரத்தானுக்குப் பதிவு செய்து, டி-ஷர்ட்டில் பையன் படத்தைப் போடலாம் என்று வாட்ஸப் குரூப்பில் டிசைன் வரைக்கும் போய்விட்டோம். அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்:

“படம் வேணாம்ங்க. ஸ்கூல்ல அவன் க்ளாஸ் பசங்களுக்கே தெரியாது. அவனா சொல்ற வயசு வந்தா சொல்லிக்கட்டும். அப்புறம், எனக்குச் சம்பளம் வருது, சமாளிச்சுடுவேன். ஸ்ட்ரிப் வாங்க முடியாம ஒரு நாளைக்கு ஒரு தடவைகூட டெஸ்ட் பண்ணாத பிள்ளைங்க இருக்காங்க. அவங்களுக்குக் குடுங்க.”

படம் இல்லாமல் ஓடினோம். பணம் ஏழைக் குழந்தைகளுக்கு இன்சுலினும் ஸ்ட்ரிப்பும் தரும் ஓர் அறக்கட்டளைக்குப் போனது. படம் இருந்திருந்தால் இன்னும் அதிகம் சேர்ந்திருக்கும், சந்தேகமே இல்லை. இன்று நம் போனில் வரும் சிகிச்சை நிதி வேண்டுகோள்களைப் பாருங்கள். மூக்கில் குழாயோடு ஒரு குழந்தையின் முகம். முகம் இருந்தால் பணம் வரும். ஆனால் அந்தக் குழந்தை பிழைத்து, இருபது வயதில் தன் பெயரைத் தேடினால் என்ன கிடைக்கும்? 1948இல் ஒரு வானொலி நிகழ்ச்சிக்கு இருந்த அந்த யோசனை நமக்கு இல்லாமல் போனது எப்படி என்று தெரியவில்லை.

*

ஜிம்மி நிதிக்குப் பின்னால் இருந்த மருத்துவர் சிட்னி ஃபார்பர். 1948 ஜூனில் அவர் வெளியிட்ட ஆய்வில், லுகேமியா வந்த 16 குழந்தைகளில் 10 பேருக்கு ஒரு மருந்து தற்காலிகமாகவாவது பலன் தந்ததாகச் சொன்னார். அதுவரை அந்த நோயில் செய்ய எதுவுமே இல்லை. அந்த மருந்து அமினோப்டெரின். அது வந்தது லெடர்லே ஆய்வகத்தில் எல்லாப்பிரகடா சுப்பாராவ் நடத்திய குழுவிடமிருந்து.

சுப்பாராவ் பீமாவரத்துக்காரர். படித்தது நம்ம மெட்ராஸ் மெடிக்கல் காலேஜில். காந்தியின் அழைப்பை ஏற்று அறுவை சிகிச்சை வகுப்புக்குக் கதர் அங்கி போட்டுப் போனதால் ஆங்கிலேயப் பேராசிரியருக்குக் கோபம். முழுப் பட்டமான எம்பிபிஎஸ் கிடைக்கவில்லை, அதற்குக் கீழான எல்எம்எஸ்தான் கிடைத்தது. இரண்டு சகோதரர்களை ஸ்ப்ரூ என்ற குடல் நோய்க்குப் பறிகொடுத்தவர். மாமனாரின் பணத்தோடும் காக்கிநாடாவின் ஓர் அறநிதியின் உதவியோடும் பாஸ்டனுக்குக் கப்பல் ஏறினார். ஸ்ப்ரூவுக்கு உதவும் ஃபோலிக் அமிலத்தைத் தேடிய வேலைதான் பின்னால் அதன் எதிரிப் பொருளான அமினோப்டெரினுக்கும், அதன் தம்பியான மெத்தோட்ரெக்ஸேட்டுக்கும் கொண்டுபோனது. ஃபார்பரின் ஆய்வு வெளியான இரண்டே மாதத்தில், 1948 ஆகஸ்டில் சுப்பாராவ் இறந்துவிட்டார்.

மெத்தோட்ரெக்ஸேட் இன்றும் குழந்தைகளின் லுகேமியா சிகிச்சையில் இருக்கிறது. 1960களின் தொடக்கத்தில் பத்தில் ஒரு குழந்தைகூடப் பிழைக்காத நோயில், வசதியுள்ள நாடுகளில் இன்று பத்தில் ஒன்பது குழந்தைகள் பிழைக்கிறார்கள். இந்த மாற்றத்துக்கு ஒற்றை அற்புத மருந்து காரணமில்லை. பழைய மருந்துகளையே எந்த வரிசையில், எந்த அளவில் கொடுப்பது என்று பல வருடம் பொறுமையாகச் சோதித்துப் பார்த்ததுதான் காரணம். கிளேலண்டின் மகளும் பிழைத்தார். அவரைப் பிழைக்க வைத்தது அப்பாவின் மாரத்தான் அல்ல. அவர் பிறப்பதற்கு முன்னால் யாரோ கொடுத்த பணமும், யாரோ செய்த வேலையும்தான். அதைத்தான் அப்பா அடுத்தவர்களுக்குத் திருப்பிக் கொடுத்தார்.

*

சரி, ஓடித் திரட்டிய பணம் எங்கே போச்சு? ஒரு கிளையை மட்டும் பார்ப்போம். லுகேமியா சொசைட்டி பணம் தந்தவர்களில் ஒருவர் ஆரிகன் மாநிலத்தின் பிரையன் டிரக்கர். அவருக்கு உதவிய பல இடங்களில் அதுவும் ஒன்று. நாள்பட்ட மைலாய்டு லுகேமியா என்ற வகைக்கு இமாட்டினிப் என்ற மாத்திரை வேலை செய்யும் என்று அவர் நிரூபித்தார். 2001 மே மாதம் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. நோவார்ட்டிஸ் அதை கிளிவெக் என்ற பெயரில் விற்றது. சில வருடங்களில் உயிரை எடுத்த நோய், தினமும் மாத்திரை போட்டு வாழும் நோயாக மாறியது.

அந்த மாத்திரையின் விலை இந்தியாவில் அப்போது மாதம் சுமார் 1,20,000 ரூபாயாக இருந்தது. இங்குள்ள கம்பெனிகள் அதே மருந்தைச் சுமார் 8,000 ரூபாய்க்குத் தந்தன. கிளிவெக்கின் ஒரு வடிவத்துக்கு நோவார்ட்டிஸ் 1998இல் காப்புரிமை கேட்டு மனு போட்டது எங்கே தெரியுமா? சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில். புற்றுநோயாளிகளுக்கான ஓர் அமைப்பும் எதிர்த்து வாதாட, 2006 ஜனவரியில் அந்த அலுவலகம் மனுவை நிராகரித்தது. ஏற்கெனவே தெரிந்த பொருளின் புது வடிவம் மட்டும் போதாது, பலன் கூடியிருக்க வேண்டும் என்கிற சட்டப் பிரிவு 3(டி) ஒரு முக்கியக் காரணம். கம்பெனி மெட்ராஸ் உயர் நீதிமன்றம் போனது, மேல்முறையீட்டு வாரியம் போனது, கடைசியில் 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றத்திலும் தோற்றது. கம்பெனி தரப்பையும் சொல்லிவிட வேண்டும், அவர்கள் இந்தியாவில் ஆயிரக்கணக்கான நோயாளிகளுக்கு கிளிவெக்கை இலவசமாகவே தந்துகொண்டிருந்தார்கள். ஆனால் இலவசம் கொடுப்பவரின் மனசைப் பொறுத்தது. மலிவு விலை அப்படியில்லை. அதே 2013 ஜனவரியில் அமெரிக்காவில் இந்த மருந்தைக் குழந்தைகளின் ஒரு வகைத் தீவிர லுகேமியாவுக்கும் அனுமதித்திருந்தார்கள்.

அந்த அலுவலகம் இப்போது கிண்டியில், ஜிஎஸ்டி சாலையில் இருக்கிறது. வேலைக்குப் போகும் வழியில் எத்தனையோ தடவை அதைத் தாண்டிப் போயிருக்கிறேன். அங்கே ஒருவர் மேசையில் ஃபைலைப் பிரித்து வைத்துக்கொண்டு, மூலக்கூறு வடிவத்தையும் சட்டப் பிரிவையும் ஒப்பிட்டுப் படித்த நாட்கள் இருந்திருக்கும். அவருக்கு யாரும் மெடல் போடவில்லை, வழியில் நின்று தண்ணீர் தரவில்லை. மாரத்தானைத் தனியாள் ஓட்டம் என்கிறோம். ஒரு குழந்தையின் நோய்க்காக ஓடுவது அப்படி இல்லை, தொடர் ஓட்டம். அதில் மெட்ராஸில் படித்த சுப்பாராவ் ஒரு கட்டம் ஓடினார், வானொலி கேட்டுக் காசு அனுப்பியவர்கள் ஒரு கட்டம், 38 பேர் ஒரு கட்டம், ஆய்வகம் ஒரு கட்டம். விலையும் சட்டமும் வரும் கட்டத்தில் தடி கீழே விழுந்தால் முன்னால் ஓடியவர்களின் வேர்வை அந்தக் குழந்தையிடம் போய்ச் சேராது.

அடுத்த சீசனுக்கு எங்கள் குரூப்பில் இப்போதே பேச்சு ஆரம்பித்துவிட்டது. நீங்களும் எங்காவது ஓடுவீர்கள், ஓடுங்கள். பதிவு செய்வதற்கு முன்னால் பணம் எங்கே போகிறது, ஒரு நாளைக்கா வருடம் முழுக்கவா என்று மட்டும் கேட்டுவிடுங்கள். இன்சுலின் ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் தேவைப்படுவதில்லை.