ஹெரால்டின் நான்கு டிரம்கள்

புளியரை இறக்கத்துக்கு என்று ஒரு வாசனை உண்டு. கோட்டைவாசல் தாண்டி கேரளத்திலிருந்து தமிழ்நாட்டுக்குள் இறங்கும் எஸ் வளைவுகளில், லோடு ஏற்றிய லாரிகளின் பிரேக் லைனிங் கருகும் வாசனை. ஆய்க்குடியில் வளர்ந்தவனுக்குச் சாரல் எவ்வளவு பழக்கமோ அவ்வளவு பழக்கம் அது. சின்ன வயதில் அதை மலையின் வாசனை என்றே நினைத்திருந்தேன்.

எங்கள் தெரு அண்ணாச்சி ஒருவரிடம் ஸ்டாண்டர்டு ஹெரால்டு இருந்தது. சென்னையில் செய்த வண்டி. ஒரு ஆடி மாதம் புனலூர் கல்யாணத்துக்குப் போய்விட்டு குடும்பத்தோடு திரும்பும்போது, மூன்றாவது வளைவில் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போனது. இரண்டு தடவை மிதித்தார். ஒன்றுமில்லை. இரண்டாவது கியரில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, மலைப்பக்க மண்மேட்டில் வண்டியை உரசவிட்டு நிறுத்தியிருக்கிறார். யாருக்கும் அடியில்லை. ஆனால் அதற்குப் பிறகு அவர் வீட்டம்மா அந்த வண்டியில் ஏறவே இல்லை.

முன்பக்கம் டிஸ்க் பிரேக் மாட்டப் போவதாக அண்ணாச்சி சொன்னபோது ஊரில் ஒரு சின்னப் பஞ்சாயத்தே நடந்தது. பழைய கார் பிரியர்கள் சிலர், “கம்பெனி குடுத்த மாதிரியே வச்சிருக்கணும்லா, இல்லைன்னா அது ஹெரால்டே இல்லியே” என்றார்கள். அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டுதான் நான் இதைப் படிக்க ஆரம்பித்தேன். கம்பெனி எதைக் கொடுத்தது? எதைக் கொடுக்காமல் விட்டது?

ஹெரால்டு 1959-இல் இங்கிலாந்தில் வெளிவந்தது. உருவம் தந்தவர் இத்தாலியரான ஜொவான்னி மிக்கெலொத்தி. முன்பக்க பானட் முழுவதும் ஒரே துண்டாக முன்னோக்கிக் கவிழும். டயர் மேல் உட்கார்ந்துகொண்டே என்ஜின் வேலை பார்க்கலாம். வண்டலூர் பக்கம் தொழிற்சாலை வைத்திருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா 1961-இல் இதை இங்கே செய்யத் தொடங்கியது. 948 சிசி என்ஜின். முன்னால் 8 அங்குல டிரம், பின்னால் 7 அங்குல டிரம்.

இதே சட்டத்தைக் குட்டையாக்கி, மேலே இரண்டு பேர் உட்காரும் உடம்பை வைத்து 1962-இல் இங்கிலாந்தில் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வந்தது: டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர். அதற்கு முன்சக்கரங்களில் 9 அங்குல டிஸ்க். ஆக, ஹெரால்டும் ஸ்பிட்ஃபயரும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். முன்பக்க சஸ்பென்ஷனை எடுத்துப் பார்த்தால் சந்தேகமே வராது. லோட்டஸ் எலான்கூட அந்தக் குடும்பத்துப் பாகத்தைத்தான் கடன் வாங்கியது.

டிரம்முக்கும் டிஸ்க்குக்கும் என்ன அப்படிப் பெரிய வித்தியாசம்? சூடுதான். பிரேக் வண்டியின் வேகத்தை எங்கேயும் தொலைப்பதில்லை, சூடாக மாற்றிவைக்கிறது. நான்கு பேரோடு ஹெரால்டு 1,100 கிலோ என்று வைப்போம். 80 கிலோமீட்டர் வேகத்திலிருந்து ஒருமுறை நிறுத்தினால் சுமார் 270 கிலோ ஜூல் சூடு. அதே வண்டி 100 மீட்டர் உயரம் கீழே இறங்கும்போது, என்ஜின் பிடிப்பைக் கணக்கில் சேர்க்காவிட்டால், சுமார் 1,080 கிலோ ஜூல். அதாவது அடுத்தடுத்து நான்கு தடவை முழுசாக நிறுத்தியதற்குச் சமம், இடையில் ஆறுவதற்கு நேரமே இல்லாமல். இறக்கத்தில் 40-இல்தான் போகிறோம் என்று நிம்மதியாக இருப்பவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கலாம்.

டிரம்மில் ஷூ உள்ளே இருந்து வெளியே அழுத்துகிறது. சூடானால் டிரம் விரிந்து ஷூவை விட்டு விலகிப் போகும். பெடல் இன்னும் ஆழமாகப் போக வேண்டும். லைனிங்கும் சூட்டில் பிடிமானத்தை இழக்கும். சூடு வெளியேற வழியில்லாத மூடிய பாத்திரம் அது. டிஸ்க்கோ திறந்த வெளியில் காற்றில் சுற்றுகிறது; சூட்டில் தடித்தால் பேடை நோக்கித்தான் வரும். டிரம்முக்கும் ஒரு நல்ல குணம் உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும்: சுழற்சியே முன் ஷூவை இழுத்துக்கொண்டு போய் அழுத்தும், அதனால் காலுக்கு வேலை குறைவு.

அண்ணாச்சி வண்டியில் நடந்தது இன்னொன்று. பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 வகை ஆயில் புதிதாக இருக்கையில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறிவிட்டால் 140 டிகிரியே போதும். கொதித்தால் ஆவி, ஆவியை அழுத்தினால் பஞ்சு. சாரல் காலத்து ஆய்க்குடியில் ஆண்டுக்கணக்கில் ஆயில் மாற்றாத வண்டி என்ன ஆகும் என்று சொல்ல ஆராய்ச்சி தேவையில்லை. ஹேண்ட் பிரேக் காப்பாற்றியது, அது கம்பியில் ஓடுவதால்.

டிஸ்க் ஒன்றும் புதுச் சரக்கு இல்லை. ஃபிரெடரிக் லான்செஸ்டர் 1902-லேயே இங்கிலாந்தில் காப்புரிமை வாங்கினார். அவர் வைத்த செம்புப் பட்டை போட்ட கிறீச்சொலியை யாரும் தாங்கவில்லை. பிறகு ஐம்பது வருஷம் கார் உலகம் டிரம்மோடுதான் வாழ்ந்தது. 1953-இல் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் டன்லப் டிஸ்க் மாட்டிய ஜாகுவார் சி-டைப் ஜெயித்தது. ஓட்டியவர்கள் டோனி ரோல்ட், டங்கன் ஹாமில்டன். சராசரி வேகம் மணிக்கு 170 கிலோமீட்டர். 100 மைலைத் தாண்டிய முதல் லெ மான் வெற்றி அது. என்ஜினின் பங்கு மட்டுமல்ல அது. நீண்ட நேர்ச் சாலையின் முடிவில் மற்றவர்களைவிடத் தாமதமாக பிரேக் போட முடிந்ததும்தான்.

அடுத்த கதை அவ்வளவு இனிமையானதில்லை. 1955 லெ மானில், டிஸ்க் பிரேக் கொண்ட ஜாகுவார் ஒன்று பிட்டுக்குள் நுழைய சட்டென்று வேகம் குறைத்தது. பின்னால் வந்த ஆஸ்டின்-ஹீலி விலகியது. அதன் மேல் ஏறிய மெர்சிடிஸ் கூட்டத்துக்குள் பாய்ந்து சிதறியது. ஓட்டிய பியர் லெவேயும் 80-க்கும் மேற்பட்ட பார்வையாளர்களும் இறந்தார்கள். மெர்சிடிஸில் இருந்தது டிரம். அது போதாதென்று இருக்கைக்குப் பின்னால் காற்றைத் தடுக்க ஒரு தகட்டையும் எழுப்பும்படி வைத்திருந்தார்கள். விபத்துக்குக் காரணங்கள் பல. ஆனால் ஒரே சாலையில் வெவ்வேறு தூரத்தில் நிற்கும் வண்டிகள் ஓடினால் என்ன ஆகும் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பந்தயம் ஞாபகம் வரும். நம் நெடுஞ்சாலையில் ஏபிஎஸ் கார் ஒன்று சட்டென்று நிற்க, பின்னால் நாற்பது வருஷத்து லாரி வருகிறதே, அதுவும் அதே கதைதான்.

1956-இல் டிரையம்ஃப் டிஆர்3 முன்சக்கரத்தில் கெர்லிங் டிஸ்க்கோடு விற்பனைக்கு வந்தது. ஹெரால்டு செய்த அதே ஸ்டாண்டர்டு-டிரையம்ஃப் நிறுவனத்தின் ஸ்போர்ட்ஸ் கார். 1961-இல் இங்கிலாந்தில் ஹெரால்டு 1200 வாங்கியவர் கூடுதல் காசு கொடுத்தால் டிஸ்க் கிடைத்தது. 1963-இல் வந்த 12/50-க்குக் காசு கேட்காமலே கொடுத்தார்கள். இங்கே? 1962-இல் டி.வி.எஸ். குழுமமும் கெர்லிங்கைக் கையில் வைத்திருந்த லூகாஸும் சேர்ந்து சென்னையில் பிரேக்ஸ் இந்தியாவைத் தொடங்கின. பாடியில் அந்தத் தொழிற்சாலை, வண்டலூர்ப் பக்கம் கார்த் தொழிற்சாலை. ஒரே ஊரின் இரண்டு முனைகள். ஆனாலும் நம் ஹெரால்டு டிரம்மோடுதான் ஓடியது.

இதில் என் ஊகம் எளிமையானது. அம்பாசடர், ஃபியட், ஹெரால்டு என மூன்றே கார்கள். பதிவு செய்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்கும் ஜனம். டிஸ்க் இல்லை என்று யார் ஆர்டரை ரத்து செய்யப் போகிறார்? காத்திருப்பவனுக்குத் தர வேண்டியது கார் மட்டும்தான்.

விதிவிலக்கு சோழவரம். இரண்டாம் உலகப்போர்க் கால விமான ஓடுதளத்தில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்திய பந்தயங்களில் ஹெரால்டுகளும் ஓடின. கார்புரேட்டர், சைலன்சர் என்று என்ஜினைத் தட்டிக்கொட்டி வேகம் கூட்டுவது அங்கே ஒரு கலையாகவே வளர்ந்தது. கூட்டிய வேகத்தை நிறுத்தும் கலைக்குப் பேரும் புகழும் கிடைத்ததாகத் தெரியவில்லை. ஸ்டாண்டர்டு நிறுவனத்தின் உற்பத்தி 1988-இல் நின்றது. அதற்குள் மாருதி 800-இன் முன்சக்கரத்தில் டிஸ்க் சர்வசாதாரணமாகியிருந்தது.

சரி, அண்ணாச்சிக்கு வருவோம். லண்டனில் இருக்கும் மருமகன் மூலம் ஸ்பிட்ஃபயரின் டிஸ்க், காலிப்பர், ஹப் எல்லாம் வந்தன. மெக்கானிக் பழைய டிரம்மைக் கழற்றியதும் உள்ளிருந்த தூசியை வாயால் ஊதப் போனார். நான் பிடித்து நிறுத்தினேன். பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் உண்டு. நுரையீரலுக்குப் போனால் திரும்பாது. “முப்பது வருசமா ஊதுதேன் தம்பி” என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஈரத் துணி மட்டும் கொடுத்தேன்.

மாட்டுவதில் ஒரு நாள்தான் போனது. ஒத்துப்போக வைப்பதில்தான் மூன்று வாரம். காலிப்பரின் பிஸ்டன் பெரிது, அது கேட்கும் ஆயிலும் அதிகம். மாஸ்டர் சிலிண்டரும் அதற்கேற்றபடி வேண்டும். டிஸ்க்குக்கு இழுத்துக்கொள்ளும் குணம் இல்லாததால் பெடல் கனத்தது. எல்லாவற்றையும்விடப் பின்சக்கரம்: முன்பக்கம் பலமாகப் பிடிக்கும்போது எடை முன்னால் சாய்கிறது, லேசாகிப்போன பின்சக்கரம் சீக்கிரம் பூட்டிக்கொள்ளும். ஹெரால்டின் ஊசலாடும் பின் ஆக்ஸில் ஏற்கெனவே வளைவில் கோபக்காரி. பின் வீல் சிலிண்டரைச் சின்னதாக மாற்றினோம். கூடவே முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனிக் குழாய். ஒன்று வெடித்தால் இன்னொன்று இருக்கும். பழசில் எல்லாமே ஒரே குழாயில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. என்னைக் கேட்டால் டிஸ்க்கைவிட இதுதான் பெரிய வேலை, ஆனால் யாரும் எட்டிப் பார்த்து வியக்க மாட்டார்கள்.

ஐப்பசியில் ஒருநாள் மறுபடி ஆரியங்காவு போய் இறங்கினோம். இரண்டாவது கியர், இடைவிட்டு இடைவிட்டு பிரேக். பாதியில் ஓரமாக நிறுத்தி அண்ணாச்சி சக்கரத்துப் பக்கம் குனிந்து மோந்து பார்த்தார். முன்னால் போன லாரியின் வாசனைதான் வந்தது. கழற்றிய முன் டிரம் இரண்டும் எண்ணெய்த் துணியில் சுற்றி அவர் வீட்டுப் பரணில் இருக்கின்றன. அவர் வீட்டம்மா இன்னும் ஏறவில்லை. தென்காசி வரைக்கும் வேண்டுமானால் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.