கண்டிச்சீமையின் டிஸ்பென்சர் ஐயா

கண்டியில் தலதா மாளிகைக்குப் பின்புறத்து மேட்டில், ஆங்கிலேயர் தம்மவரை அடக்கம் செய்த பழைய கல்லறைத் தோட்டம் ஒன்று இருக்கிறது. 1815ஆம் ஆண்டு கண்டி இராச்சியம் கைமாறிய பின்னர் இங்கு வந்த சேனை வீரரும் உத்தியோகத்தரும் அவர்தம் மனைவி மக்களும், காய்ச்சலாலும் வாந்திபேதியாலும் அகால மரணமடைந்து அங்கே உறங்குகின்றனர். அவர்களுடைய பெயரும் வயதும் கல்லிலே பொறிக்கப்பட்டிருக்கின்றன. அதே நூற்றாண்டில், அதே நோய்களால், அதே கண்டிச்சீமையை நாடி நடந்து வந்து மடிந்த எம்மவரான தோட்டத் தொழிலாளருக்கோ கல்லும் இல்லை, பெயரும் இல்லை. அவர்களிற் பிழைத்தவர்களுக்கு மருந்து கொடுத்து, அவர்களோடு வாழ்ந்து மூத்தவர்களுக்கும் ஏறக்குறைய அதே கதிதான். அந்த வைத்தியத் தொழிலின் சரித்திரத்தைச் சிறிது நினைவுகூர்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

1820களில் கம்பளைக்கு அருகிலும் பேராதனையை அடுத்த கன்னொறுவையிலும் கோப்பிப் பயிர் வேரூன்றியது. இராமநாதபுரம், புதுக்கோட்டை, திருச்சிராப்பள்ளிப் பகுதிகளிலிருந்து, அத்தோட்டங்களுக்கு ஆள் திரட்டிய கங்காணியின் பின்னே புறப்பட்ட ஜனங்கள், தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கி, நீர் அரிதான காட்டு வழியாகத் தம்புள்ளையைக் கடந்து மாத்தளையை அடைவதற்குள், பசியும் பேதியும் அம்மையும் அவர்களிற் பலரை வாரிக்கொண்டன. 1849ஆம் ஆண்டில் ‘கொழும்பு ஒப்சேவர்’ பத்திரிகை, அந்தப் பத்தாண்டில் மாண்டோர் தொகையை ஏறத்தாழ 70,000 என மதிப்பிட்டது. அத்தொகை பற்றிச் சரித்திராசிரியர் இன்றும் வாதிடுகின்றனர். வழி நெடுகச் சாவு இருந்தது என்பதில் வாதத்திற்கு இடமில்லை. அவ்வழியின் முடிவில், மாத்தளையில், அம்மை நோய் தணிக்கும் தெய்வமான முத்துமாரியம்மன் கோயில் கொண்டதற்குக் காரணம் தேடி அலைய வேண்டுவதில்லை.

அரசாங்கம் விழித்துக்கொள்ள வெகுகாலம் சென்றது. 1872ஆம் ஆண்டில்தான் கோப்பி மாவட்டங்களின் வைத்தியத் தேவைகளுக்கென ஒரு கட்டளைச் சட்டம் பிறந்தது. அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்னரே, 1870இல், கொழும்பில் வைத்தியக் கல்லூரி திறக்கப்பட்டு, உள்ளூர்ப் பிள்ளைகள் மேல்நாட்டு வைத்தியம் பயிலத் தொடங்கியிருந்தனர். சட்டம் இயற்றியோர் மனத்தில் கருணை அறவே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆயினும், ஆள் குறைந்தால் பயிர் குறையும் என்ற கணக்கே அதில் முந்தி நின்றது.

சட்டம் வந்ததும் நோயாளி வந்துவிடவில்லை. மாவட்ட வைத்திய அதிகாரியின் எல்லை மிகப் பெரிது, மலைப்பாதையோ கரடுமுரடானது. தொழிலாளர் குடியிருப்பான லயத்துக் காம்பராவில் படுத்தவனுக்கு ஆஸ்பத்திரி என்றாலே அச்சம். போனவர் திரும்பார் என்று நம்பியமையால் கடைசி நிமிஷத்தில்தான் கொண்டுபோனார்கள். கடைசி நிமிஷத்தில் கொண்டுபோனமையால் போனவர் திரும்பவில்லை. இந்த விஷச் சுழலை அறுப்பதற்குச் சட்டப் புத்தகத்தால் ஆகவில்லை. நோயாளியின் பாஷையில் பேசி, அவன் வாழும் மலையிலேயே வாழ்ந்து, அவன் குழந்தையின் பெயரை அறிந்த ஒருவர் வேண்டியிருந்தது.

அந்த ஒருவரே டிஸ்பென்சர் ஐயா. அவர் பெரிய பட்டம் பெற்றவர் அல்லர். மருந்து கலக்கவும், காயம் கட்டவும், சாதாரண நோய்களைக் கண்டறியவும் பயிற்சி பெற்றவர். 1912ஆம் ஆண்டுச் சட்டம், தகுதி வாய்ந்த வைத்திய ஏற்பாடுகளைத் தாமே வைத்திருக்கும் தோட்டங்களுக்கு வரிச் சலுகை தந்தமையால், அவரது பதவி உறுதிப்பட்டது. பிள்ளை பெற்ற தாய்க்கு ஒரு மாதம் உணவும் இருப்பிடமும் அளிக்கவேண்டும், வைத்தியர் சம்மதமின்றி அக்காலத்தில் அவளை வேலைக்கு அழைக்கலாகாது, ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகள் தக்க போஷிப்புப் பெறவேண்டும் என்றெல்லாம் அச்சட்டம் தோட்டத்தை நிர்வகித்த துரைமார் மீது கடமை விதித்தது. ஏட்டில் எழுதிய இந்தத் தர்மத்தை லயத்து வாசலில் மெய்யாக்கவும் பொய்யாக்கவும் வல்லவராய் இருந்தவர் டிஸ்பென்சர்தான்.

அவரது நிலைமை சங்கடமானது. சம்பளம் தருபவர் துரை. நம்பி வருபவன் தொழிலாளி. விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்குப் போகமுடியாமல் குளிரில் நடுங்கி நிற்பவனுக்கு ‘இன்று வேலை வேண்டாம்’ என்று ஒரு துண்டு எழுதிக் கொடுப்பதா, கசப்பு மருந்து ஒரு மடக்கு ஊற்றி மலைக்கு அனுப்புவதா என்பது, பார்வைக்கு அற்ப விஷயம். அதில்தான் அவருடைய மனிதத்துவம் தினந்தோறும் பரீட்சிக்கப்பட்டது. எல்லோரும் அதில் தேறினர் என்று சொல்வது சத்தியமாகாது. தேறியவர்கள், தாம் பிறக்கக் கண்ட பெண்ணின் பேரப்பிள்ளைக்கும் மருந்து கொடுக்கும்வரை ஒரே தோட்டத்தில் மூத்து நரைத்து, குடும்பத்துப் பெரியவராகவே மதிக்கப்பெற்றனர். ‘ஐயா கைபட்டால் போதும்’ என்ற சொல் அத்தகையோரைப் பற்றி எழுந்தது.

கொக்கிப்புழுவின் கதையை இங்கே சொல்லியாகவேண்டும். லயங்களில் மலசலகூடம் இல்லாத காலம். வெறுங்காலோடு நடப்பவர் பாதத்துத் தோலைத் துளைத்து உட்புகும் அப்புழு, குடலில் தங்கி இரத்தத்தை உறிஞ்சும். சோகை பிடித்து வெளுத்தவனைக் கங்காணி சோம்பேறி என்றான். துரையும் அப்படியே எழுதிவைத்தார். 1916ஆம் ஆண்டில் அமெரிக்க ரொக்பெல்லர் ஸ்தாபனத்தார் மாத்தளைத் தோட்டங்களில் தம் இயக்கத்தைத் தொடங்கிப் பரிசோதித்தபோது, பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு மேல் அப்புழு இருப்பது வெளியாயிற்று. சோம்பல் என்று ஒரு சமூகத்தின் மேல் சுமத்தப்பட்ட பழி, உண்மையில் இரத்தமின்மையாய் இருந்தது! குமட்டும் எண்ணெய் மருந்தைக் குடிக்க மறுத்த ஜனங்களை இணங்கவைக்க, அவர்களிடையே வாழ்ந்தவர் வாக்கன்றி வேறு எது செல்லும்?

நோய் ஆளையும் இனத்தையும் பார்ப்பதில்லை. கண்டிக்குத் தென்கிழக்கே லூல்கந்துரையில் 1867ஆம் ஆண்டில் தேயிலையைப் பயிரிட்டு இத்தீவின் தலைவிதியை மாற்றிய ஜேம்ஸ் டெய்லரும், 1892இல் வயிற்றுக்கடுப்பினால்தான் மாண்டார். அவர் உடலைத் தொழிலாளர் மலையிலிருந்து தோளிற் சுமந்து வந்து கண்டி மகியாவை மயானத்தில் அடக்கம் செய்தனர். 1934ஆம் ஆண்டில் பருவமழை பொய்த்து, ஆறுகள் வற்றிக் குட்டைகளாகத் தேங்கி, நுளம்பு பெருகியபோது எழுந்த மலேரியா, அடுத்த ஆண்டுக்குள் இலங்கையில் ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கொண்டுபோயிற்று. கேகாலை, குருநாகல் பகுதிகளோடு கண்டி மாவட்டமும் அடிபட்டது. உயர்ந்த மலைத் தோட்டங்களிலும் பார்க்கத் தாழ்ந்த பள்ளத்தாக்குகளிலேயே அதன் கொடுமை மிகுதி. அங்கெல்லாம் கொயினா மருந்தே கதியாயிற்று.

1970களில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992க்குப் பின்னர் நிர்வாகம் கம்பனிகளிடம் மீண்டும் சென்றது. பேராதனையில் மருத்துவ பீடம் எழுந்து, லயத்துக் காம்பராவில் பிறந்த பிள்ளைகளும் இன்று வைத்தியர்களாய் வெளிவருகின்றனர். துரைமாரின் பெயர்கள் நூல்களில் இருக்கின்றன. கோப்பிக்கும் தேயிலைக்கும் சரித்திரம் இருக்கிறது. டிஸ்பென்சர் ஐயாமாரின் பெயர்களோ முதியோர் நினைவில் மாத்திரம் தங்கி, அவர்களோடு மறைந்துகொண்டிருக்கின்றன. உங்கள் வீட்டுப் பெட்டியில் பழைய மருந்துப் பதிவேடோ, பிறப்புத் துண்டோ, தோட்டத்து ஆஸ்பத்திரி வாசலில் எடுத்த படமோ இருக்குமாயின், அதை எறிந்துவிடாதீர்கள். பாட்டன் பாட்டியிடம் கேட்டு, அந்த ஐயாவின் பெயரையும் தோட்டத்தையும் ஆண்டையும் எழுதி, ஒரு பிரதியைப் பேராதனைப் பல்கலைக்கழக நூலகத்திற்கோ உங்கள் ஊர்ப் பாடசாலைக்கோ இந்த ஆண்டிலேயே கொடுத்துவையுங்கள்.