ஹைபிரிட் காரும் ஒரு குப்பி எண்ணெயும்

கொடைக்கானல் மலையில் இருப்பவனுக்குக் காரில் ஏ.சி. எதற்கு என்று நானும் ஒரு காலத்தில் கேட்டவன்தான். சென்ற ஐப்பசியில் அதற்குப் பதில் கிடைத்தது.

என் மனைவிக்கு மதுரையில் கண்புரை அறுவைச் சிகிச்சை. காலை எட்டு மணிக்கு அங்கே இருக்க வேண்டும். மாப்பிள்ளையின் ஹைபிரிட் காரில் விடியுமுன் கிளம்பினோம். பெருமாள்மலை தாண்டியதும் மூடுபனி. முன்கண்ணாடியில் ஆவி படிந்தது. மாப்பிள்ளை அதைப் போக்கும் பொத்தானை அழுத்தினார். ஒரு நிமிடத்தில் முக்கோண எச்சரிக்கை விளக்கு எரிந்தது. வண்டியை ஓரங்கட்டி, செல்போனை அணைத்துப் போடுவது போல அணைத்துப் போட்டார். அவ்வளவுதான், அது மறுபடி கிளம்பவில்லை. பேருந்து பிடித்துப் போய்ச் சேர்வதற்குள் நேரம் தவறிவிட்டது. பத்து நாள் கழித்து வரச் சொன்னார்கள்.

வண்டியைப் பார்த்தவர்கள் எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள்: "பெரிய பேட்டரி போயிருக்கும் சார். லட்சக்கணக்கில் ஆகும்." மாப்பிள்ளை காரை வந்த விலைக்குத் தள்ளிவிடலாம் என்ற அளவுக்கு வந்துவிட்டார். பழுது அங்கே இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. ஏன் என்பதைப் புரிந்துகொள்ளக் கொஞ்சம் பழைய கதைக்குப் போக வேண்டும்.

பெட்ரோலும் மின்சாரமும் சேர்ந்த கார் இன்று நேற்று வந்ததல்ல. 1900-ஆம் ஆண்டு பாரிஸ் உலகக் கண்காட்சியில், வியன்னாவின் லோனர் நிறுவனத்துக்காக ஃபெர்டினாண்ட் போர்ஷே என்ற இளைஞர் வடிவமைத்த மின்சாரக் கார் வைக்கப்பட்டது. சக்கரத்தின் குடத்துக்குள்ளேயே மோட்டார். பேட்டரியின் பாரம் தாங்காமல், அடுத்து ஒரு பெட்ரோல் எஞ்சினைக் கொண்டு ஜெனரேட்டரைச் சுற்றி, அந்த மின்சாரத்தில் சக்கரத்தை ஓட்டினார். அதற்கு வைத்த பெயர் 'மிக்ஸ்த்'. பிரெஞ்சுப் பள்ளியில் படித்த எனக்கு அது சிரமமில்லாத சொல். கலப்பு என்று பொருள். பிறகு பெட்ரோல் மலிந்தது, கலப்பு மறைந்தது. 1997 டிசம்பரில் ஜப்பானில் டொயோட்டா பிரியஸ் வந்தபோதுதான் அது மீண்டும் தலையெடுத்தது. நம் நாட்டுக்கு ஹோண்டா சிவிக் ஹைபிரிட் 2008-லும், பிரியஸ் 2010-லும் வந்தன.

காருக்குள் குளிர்சாதனம் வந்தது தனிக் கதை. அமெரிக்காவின் பேக்கார்டு நிறுவனம் 1940 மாடலில் அதைப் பொருத்தி விற்றது. அதில் கம்ப்ரசருக்குக் கிளட்ச் கிடையாது. குளிர் வேண்டாமென்றால் எஞ்சினை நிறுத்தி, பானெட்டைத் திறந்து பெல்ட்டைக் கழற்ற வேண்டும். கிளட்ச் வந்தபின் பொத்தானே போதும் என்றாயிற்று. ஆனாலும் கம்ப்ரசரைச் சுற்றியது எஞ்சின்தான். அதனால்தான் வத்தலக்குண்டிலிருந்து காட் ரோட்டில் ஏறும் டிரைவர்கள், டம் டம் பாறைக்கு முன்பே "ஏ.சி.யை ஆஃப் பண்ணிடறேன் சார், வண்டி இழுக்கல" என்பார்கள். அந்தக் காலத்தில் ஏ.சி. கெட்டால் வியர்க்கும், அவ்வளவே. கார் நிற்காது.

ஹைபிரிட் காரில் எஞ்சின் அடிக்கடி தானாக நின்றுவிடும். பெல்ட்டை நம்பினால் குளிரும் நின்றுவிடும். ஆகவே 2003-இல் வந்த இரண்டாம் தலைமுறை பிரியஸில் கம்ப்ரசருக்குள்ளேயே மின்மோட்டாரை வைத்து, பெரிய பேட்டரியின் மின்சாரத்தில் ஓடச் செய்தார்கள். மாப்பிள்ளையின் காரிலும் அதே ஏற்பாடுதான். வீட்டு ஃபிரிட்ஜ் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். இதில்தான் ஏ.சி.யும் பேட்டரியும் சம்பந்தியானது.

அந்தப் பேட்டரி 200 வோல்ட்டுக்கு மேல். அதன் ஆரஞ்சு நிற வயர்கள் எங்கேயும் காரின் உடம்பைத் தொடாமல் தனியே ஓடும். கசிவு உண்டா என்று கம்ப்யூட்டர் ஓயாமல் கண்காணிக்கும். உண்டென்றால் எச்சரிக்கும், அணைத்துவிட்டால் மறுபடி கிளம்ப விடாது. உள்ளே இருப்பவர் உயிரைக் காக்கத்தான் இந்தப் பிடிவாதம்.

காரை ஏற்றி மதுரைக்கு அனுப்பினோம். ஹைபிரிட் பயிற்சி பெற்ற ஒரு தம்பி பார்த்தார். அவர் முதலில் கேட்டது: "ஐயா, கடைசியா இந்த வண்டியில என்ன வேலை பார்த்தீங்க?"

மூன்று நாள் முன்பு சமவெளியில் ஒரு பட்டறையில் ஏ.சி.க்கு கேஸ் நிரப்பி, எண்ணெயும் ஊற்றியிருந்தார்கள். அதைச் சொன்னதும் அவர் தலையை ஆட்டிக்கொண்டார். ஆனாலும் ஊகத்தோடு நிற்கவில்லை. முதலில் சின்ன 12 வோல்ட் பேட்டரியைச் சோதித்தார். அது சோர்ந்தாலும் ஹைபிரிட் கார் கிளம்பாதாம். அது நன்றாகவே இருந்தது. ஸ்கேனரைச் செருகினார். மின்கசிவு, அதுவும் ஏ.சி. பகுதியில் என்று வந்தது. ரப்பர் கையுறை மாட்டி, பேட்டரி இணைப்பைத் துண்டிக்கும் பிளக்கை உருவி, பத்து நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார். உள்ளே தேங்கிய மின்சாரம் வடிய வேண்டுமே. பிறகு கம்ப்ரசரின் வயரைக் கழற்றி மெக்கர் வைத்துப் பார்த்தார். கம்ப்ரசரில்தான் கசிவு. பேட்டரிக்கு ஒரு குறையும் இல்லை.

மோட்டாரின் செப்புச் சுருள்கள் கம்ப்ரசர் எண்ணெயிலேயே நனைந்திருப்பதால், டிரான்ஸ்ஃபார்மர் எண்ணெய் போல அது மின்சாரத்தைக் கடத்தாததாக இருக்க வேண்டும். பி.ஓ.இ. என்ற வகை அதற்கானது. பெல்ட் கம்ப்ரசருக்கு ஊற்றும் பி.ஏ.ஜி. எண்ணெய் சிறிது கலந்தாலே காப்பு கெட்டுவிடும். நடந்தது அதுதான். மூடுபனியில் மாப்பிள்ளை அழுத்திய பொத்தான், கண்ணாடியின் ஈரத்தை உலர்த்த ஏ.சி. கம்ப்ரசரைத்தான் ஓட்டியது. கசிவு அப்போது பிடிபட்டது. கம்ப்ரசரை மாற்றி, குழாய்களையும் மாற்ற வேண்டியதாயிற்று. செலவுதான். ஆனால் பெரிய பேட்டரியை மாற்றியிருந்தால் அந்தப் பணமும் போய், பழுதும் அப்படியே இருந்திருக்கும்.

முப்பது வருடத்துக்கு மேல் கோப்பு புரட்டியவன் நான். புது மனு வந்தால் முதலில் முந்தைய குறிப்பைப் பார் என்று சேர்ந்த புதிதில் சொல்லிக் கொடுத்தார்கள். அந்தத் தம்பி செய்ததும் அதுவே. ஹைபிரிட் கார் வைத்திருப்போர் ஏ.சி. வேலைக்கு விடும்போது "இது மின்சாரக் கம்ப்ரசர், அதற்குரிய எண்ணெய்தான் ஊற்ற வேண்டும்" என்று வாயால் சொல்லுங்கள், பில்லிலும் எழுதி வாங்குங்கள். ஆரஞ்சு வயரில் மட்டும் யாரும் கை வைக்க வேண்டாம்.

பத்து நாள் கழித்து அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. அந்தக் காரிலேயே திரும்பி ஏறினோம். டம் டம் பாறையருகே மறுபடி மூடுபனி. மாப்பிள்ளை பொத்தானை அழுத்த, கண்ணாடி தெளிந்தது. கண்ணுக்கு மேல் பச்சைத் துணி தொங்க உட்கார்ந்திருந்த என் மனைவி, "விளக்கு ஏதும் எரியலையே?" என்று மட்டும் கேட்டாள்.