மணலில் எழுதிய முதல் எழுத்து

திருவனந்தபுரத்துக்கு ரயிலில் வரும் நம்மவர்கள் இறங்குமிடம் தம்பானூர். சாக்கையோடு நின்றுகொண்டிருந்த ரயில் 1931-ல்தான் இங்கு நீண்டது. ஸ்டேஷனிலிருந்து நடந்து போகும் தூரத்தில் செந்திட்டை தேவி கோயில் இருக்கிறது. நவராத்திரிக்குப் பத்மநாபபுரத்து சரஸ்வதியும் வேளிமலைக் குமாரஸ்வாமியும் சுசீந்திரத்து முன்னுதித்த நங்கையும் பவனியாகத் திருவனந்தபுரம் வருவது அன்பர்கள் அறிந்ததே. சரஸ்வதி கோட்டைக்குள் நவராத்திரி மண்டபத்திலும், குமாரஸ்வாமி ஆரியசாலையிலும், நங்கை செந்திட்டையிலும் எழுந்தருளுவார்கள். விஜயதசமியன்று இந்தப் பக்கத்துக் கோயில்களிலும் வீடுகளிலும் குழந்தையை மடியில் இருத்தி, விரலைப் பிடித்து, தட்டில் பரப்பிய அரிசியில் எழுத வைப்பார்கள்.

இன்று அது ஒரு நாள் சடங்கு. ஒரு காலத்தில் அதுவே அன்றாடப் பள்ளிப் பாடம். ஒரு பிடி மணல்தான் நம் குழந்தைகளின் முதல் கல்விச் சாதனம். அந்த மணல் கடல் தாண்டிப் போன கதை நம்மில் பலருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய கதை என்பதால் எழுதுகிறேன்.

இத்தாலியப் பயணி கண்ட காட்சி

பியெத்ரோ தெல்லா வல்லே என்ற இத்தாலியர் 1623-ல் கன்னட தேசத்து இக்கேரியில் தங்கியிருந்தார். கோயில் முகப்பில் நான்கு சிறுவர்கள் கணக்குப் படிப்பதைப் பார்த்து, அதைத் தம் கடிதத்தில் விவரமாக எழுதி வைத்தார். தரையில் மெல்லிய மணலைத் தூவி, பாடத்தை ராகமாகப் பாடிக்கொண்டே விரலால் எழுதினார்கள். தரை நிறைந்துவிட்டால் அழித்துவிட்டுப் புது மணல் தூவினார்கள். காகிதம் வீணாகாத உபாயம் இது என்பதையும் அவர் கவனித்தார். வாய், காது, விரல் மூன்றும் ஒன்றாக வேலை செய்யும் இந்த முறையைத்தான் நம் திண்ணைப் பள்ளிகளும் கேரளத்துக் குடிப்பள்ளிக்கூடங்களும் பின்பற்றின. பனையோலையும் எழுத்தாணியும் அதற்கடுத்த படி.

எழும்பூரிலிருந்து இங்கிலாந்துக்கு

ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் 1787-ல் சென்னை வந்தார். 1789-ல் எழும்பூரில் ராணுவத்தாரின் அநாதைச் சிறுவர்களுக்கான விடுதிப் பள்ளியை ஏற்றார். ஒரு நாள் காலை குதிரையில் போகும்போது, 'மலபார்' பள்ளி ஒன்றில் குழந்தைகள் தரையில் அமர்ந்து மணலில் எழுதுவதைக் கண்டார். அக்காலத்து ஆங்கிலேயர் தமிழையும் தமிழரையும் 'மலபார்' என்றே குறிப்பிட்டார்கள். ஆகவே அவர் கண்டது நம் ஊர்த் திண்ணைப் பள்ளிதான்.

பெல் உடனே இதைத் தம் பள்ளியில் புகுத்தச் சொன்னார். உதவி ஆசிரியர்கள் ஒப்பவில்லை. ஆகவே ஜான் ஃப்ரிஸ்கன் என்ற எட்டு வயதுப் பையனை அரிச்சுவடி வகுப்புக்குப் பொறுப்பாக்கினார். பெரியவர்கள் முடியாது என்றதை அந்தப் பையன் செய்து காட்டினான். படித்த பிள்ளை படிக்காத பிள்ளைக்குச் சொல்லித் தருவது என்ற ஏற்பாடு இப்படி அங்கு வேரூன்றியது. நம் சட்டாம்பிள்ளை முறையும் ஏறக்குறைய இதுவே அல்லவா?

பெல் 1796-ல் ஊர் திரும்பி, அடுத்த ஆண்டு இதைப் புத்தகமாக வெளியிட்டார். இங்கிலாந்தில் 'மதராஸ் முறை' என்ற பெயரில் ஆயிரக்கணக்கான ஏழைப் பள்ளிகளில் அது பரவியது; சிறு குழந்தைகள் மணல் தட்டில் எழுதினார்கள். அவருடைய பணத்தில் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் எழுந்த பள்ளிக்கு இன்றும் 'மெட்ராஸ் காலேஜ்' என்றே பெயர்.

விலை ஏறியதும் இறங்கியதும்

நம் நாட்டிலோ பலகையும் அச்சுப் புத்தகமும் வந்தபின் மணல் மதிப்பிழந்தது. 1907-ல் ரோமில் குழந்தைகள் இல்லம் தொடங்கிய மரியா மாண்டிசோரி அம்மையார், உப்புத்தாளில் வெட்டிய எழுத்துகளை விரலால் தடவிக் கற்கச் செய்தார். விரல் வழியே எழுத்து மனத்தில் பதியும் என்ற அதே உண்மைதான். அவர் 1939 நவம்பரில் அடையாறு தியாசபிகல் சொசைட்டிக்கு வந்து, சுமார் 300 பேருக்குப் பயிற்சி அளித்தார். ஆனால் அவருடைய மரச் சாதனங்கள் எல்லாருக்கும் கட்டுப்படியாகுமா?

இதற்கு விடை கண்டவர் தாராபாய் மோடக். பாவ்நகரில் கிஜுபாய் பதேகாவுடன் பணிபுரிந்த இவர், 1945-ல் மகாராஷ்டிரத்து போர்டி கிராமத்தில் குழந்தைகள் பள்ளி தொடங்கினார். கிளிஞ்சல், கூழாங்கல், விதை, இலை இவைதாம் சாதனங்கள். குழந்தைகள் வராவிட்டால் அவர்கள் குடியிருக்கும் முற்றத்துக்கே பள்ளி போயிற்று. அதுதான் அங்கன்வாடி. 1975 அக்டோபர் 2-ல் மத்திய அரசு தொடங்கிய குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் மையங்களும் இந்தப் பெயரையே தாங்கி நிற்கின்றன.

கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்த அரவிந்த் குப்தா, தீக்குச்சியையும் சைக்கிள் வால்வ் டியூபையும் கொண்டு வடிவகணிதம் கற்பித்தார். முக்கோணம் அமுக்கினாலும் அசையாது, சதுரம் சாய்ந்துவிடும் என்பதைக் குழந்தையே கையால் கண்டுகொள்ளும். 2018-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது.

நம் வீட்டுச் சொத்து

இவர்கள் தேடிப் போனது நம் கொல்லையிலேயே கிடந்தது. தென்னங் குருத்தோலையில் பந்து, பாம்பு, பீப்பி, கைக்கடிகாரம். குரும்பையில் ஈர்க்கைச் செருகினால் மாடு. பாக்கு மட்டையில் ஒருவரை உட்கார்த்தி இழுத்தால் வண்டி. பதினான்கு குழிப் பல்லாங்குழியில் மஞ்சாடியோ புளியங்கொட்டையோ போட்டு ஆடும் குழந்தை கூட்டல், கழித்தல், மீதி எல்லாவற்றையும் பாடமென்று தெரியாமலே படித்துவிடும்.

ஓலைப் பந்து இரண்டே நாளில் வாடிவிடும். அதுதான் அதன் சிறப்பு என்பேன். வாடியதும் மறுபடி முடைய வேண்டும். மூன்றாம் தடவை குழந்தையே முடையும். கடையில் வாங்கிய பொம்மை உடைந்தால் அழுகைதான் மிஞ்சும்.

ஓர் உண்மையையும் இங்கே சொல்லியாக வேண்டும். மணலுக்கு விலையில்லை, ஆனால் அதன் முன் உட்கார எல்லாருக்கும் இடம் கிடைக்கவில்லை. 1817-ல் திருவிதாங்கூர் ராணி கௌரி பார்வதி பாய், கல்விச் செலவை அரசே ஏற்கும் என்று ஆணையிட்டார். அதன் பிறகும், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதே திருவனந்தபுரத்தை அடுத்த ஊரூட்டம்பலத்தில் பஞ்சமி என்ற சிறுமியைப் பள்ளியில் சேர்க்க அய்யன்காளி போராட வேண்டியிருந்தது. நம் முன்னோருக்கு எளிதில் கிட்டிய எழுத்து மற்றவர்க்கு மறுக்கப்பட்டது. பெருமை பேசும்போது இதை மறப்பது முறையல்ல. தாராபாய் பள்ளியை முற்றத்துக்குக் கொண்டுபோனதன் அருமை இதனால்தான் எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது.

இன்று நம் பேரக் குழந்தைகள் பல ஊர்களிலும் நாடுகளிலும் வளர்கிறார்கள். தமிழ் பேசுவார்கள், எழுதத் தெரியாது. அன்பர்களுக்கு என் யோசனை இதுதான். விளிம்புள்ள தட்டில் அரை விரற்கடை உயரம் ரவையோ மணலோ பரப்புங்கள். தினம் பத்து நிமிஷம், ஓர் எழுத்து. உரக்கச் சொல்லிக்கொண்டே முதலில் நீங்கள் எழுதுங்கள், பிறகு குழந்தை எழுதட்டும். பிழையானால் தட்டை ஒருமுறை குலுக்கினால் போதும். அடித்தல் திருத்தல் ஏதும் மிச்சமிராது. குழந்தைக்குப் பயம் விட்டுப்போவது அதனால்தான். ஒரே எச்சரிக்கை: மூன்று வயதுக்குட்பட்டவர் கையில் விதைகளைத் தர வேண்டாம், தொண்டையில் சிக்கும். குன்றிமணி விஷமுள்ளது, எந்த வயதிலும் கூடாது.

விஜயதசமி வரை காத்திருக்க வேண்டியதில்லை. நல்ல காரியத்துக்கு இன்றைக்கே நல்ல நாள்தான்.