ஸ்டென்ட்

பெயர்ச்சொல். அடைபட்ட இதயத் தமனியைப் பலூனால் விரித்தபின், அது மீண்டும் சுருங்காமல் தாங்கும் உலோக வலைக்குழாய். வழக்கு: 'அப்பாவுக்கு ஸ்டென்ட் வச்சாச்சு'.

வேர்: சார்ல்ஸ் ஸ்டென்ட் என்ற 19ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயப் பல் மருத்துவர். பல் அச்செடுக்க அவர் உருவாக்கிய கலவையின் பெயர், பின்னர் திசுவைத் தாங்கும் கருவிகளுக்கும் ஆகிவந்தது. இதயத் தமனிக்குள் ஸ்டென்ட் முதலில் வைக்கப்பட்டது 1986-இல்.

ஹைதராபாத்தில் இச்சொல்லோடு ஒரு தமிழர் பெயரும் சேர்ந்தது: அப்துல் கலாமும் இதய மருத்துவர் சோமராஜுவும் 1990களில் உருவாக்கிய மலிவு விலை 'கலாம்-ராஜு ஸ்டென்ட்'.

தொண்ணூறு வயதில் மாரடைப்பு வந்தால், 'இனி ஸ்டென்ட் எதற்கு?' என்று வீட்டார் தயங்குவதுண்டு. வயது மட்டுமே தடையாகாது. சிறுநீரக நிலையையும் ரத்தக்கசிவு அபாயத்தையும் பார்த்து, மணிக்கட்டுத் தமனி வழியாகவே வைக்க முடிகிறது. தாமதம்தான் கூடாது, ஒவ்வொரு நிமிடமும் இதயத்தசை மடிகிறது.