கர்ல் கூடவே வந்ததா?

மலருக்குக் கட்டுரை கேட்டார்கள். நம் தொழிலில் அடிக்கடி காதில் விழும் ஒரு சின்னக் கேள்வியின் சரித்திரத்தையே எழுதலாம் என்று தோன்றியது. ‘விண்டோஸில் கர்ல் இருக்கா?’ என்பதுதான் அந்தக் கேள்வி.

கர்ல் என்பது, இணைய முகவரியைக் கொடுத்தால் அங்கே உள்ளதைக் கொண்டுவந்து தரும் ஒரு கருவி. ஐகான், பட்டன் எதுவும் கிடையாது. கட்டளையை டைப் அடிக்க வேண்டியதுதான். பிரேசில்காரரான ரஃபேல் சகுலா 1996-ல் எழுதிய ஒரு சிறு புரோகிராமை, நாணய மாற்று விகிதங்களை எடுப்பதற்காக ஸ்வீடனின் டேனியல் ஸ்டென்பர்க் கையில் எடுத்தார். அது வளர்ந்து, 1998 மார்ச் 20 அன்று கர்ல் என்ற பெயரில் வெளியாயிற்று. 2001-ல் ஆப்பிள், தன் மேக் ஓ.எஸ். எக்ஸ் 10.1-உடன் அதைச் சேர்த்தே கொடுத்தது.

விண்டோஸில் கதை வேறு. 2012-ல் விண்டோஸ் 8-உடன் வந்த பவர்ஷெல் 3.0-ல் ‘கர்ல்’ என்று அடித்தால் பதில் வந்தது. ஆனால் பதில் சொன்னது கர்ல் இல்லை! ‘இன்வோக்-வெப்ரெக்வெஸ்ட்’ என்ற வேறொரு கட்டளைக்கு மைக்ரோசாஃப்ட் வைத்த மாற்றுப்பெயர் அது. வகுப்பில் ப்ராக்ஸி கொடுத்தவர்களுக்கு விளக்கமே வேண்டாம். 2016-ல் பவர்ஷெல்லின் மூல நிரல் பொதுவில் திறக்கப்பட்டதும், அந்தப் பெயரை நீக்கும்படி ஸ்டென்பர்கே கேட்டார். 2018 ஜனவரியில் வந்த பவர்ஷெல் கோர் 6.0-ல் அது நீங்கியது. விண்டோஸுடன் வரும் 5.1-ல் இன்னமும் இருக்கிறது.

அசல் கர்ல், 2018-ல் விண்டோஸ் 10-ன் 1803 பதிப்பில்தான், ‘டார்’ என்ற கருவியுடன் ஜோடியாக வந்து சேர்ந்தது. விண்டோஸ் சர்வர் 2016-ல் கிடையாது. சர்வர் 2019-ல் உண்டு.

இந்தப் பதிப்புக் கணக்கெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். உங்கள் லேப்டாப்பில் கிட் ஃபார் விண்டோஸ் போட்டிருந்தால், அதுவும் ஒரு கர்லைக் கூட்டி வந்திருக்கும். அதை நம்பி எழுதிய ஸ்கிரிப்ட், வாடிக்கையாளரின் பழைய சர்வரில் ராத்திரி பன்னிரண்டு மணிக்குப் படுத்துக்கொள்ளும். அங்கே போன் அடித்தால் எடுக்க வேண்டியது நீங்கள்தான்.

சோதிக்கும் முறை சுலபம். கமாண்ட் பிராம்ப்ட்டில் ‘வேர் கர்ல்’ என்று கேளுங்கள். விண்டோஸின் சிஸ்டம்32 ஃபோல்டரைக் காட்டினால், அது வீட்டுப்பிள்ளை. வேறு ஃபோல்டர் என்றால் விருந்தாளி. பவர்ஷெல்லில் ‘வேர்’ என்பதே இன்னொன்றின் மாற்றுப்பெயர்! அங்கே ‘கெட்-கமாண்ட் கர்ல்’ என்று கேட்டால் உண்மை தெரியும். அசல்தான் வேண்டுமென்றால் ‘கர்ல்.இஎக்ஸ்இ’ என்று முழுப்பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேல், வேறெதுவும் போடாத புது மெஷினில், வாடிக்கையாளரிடம் உள்ள அதே பதிப்பில் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.

‘இருக்கு’ என்பது ஒரு பதில். ‘கூடவே வந்தது’ என்பது வேறு பதில். வேலைக்குப் போகும் தம்பி தங்கைகள் இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டால், பல ராத்திரிகள் நிம்மதியாகத் தூங்கலாம்.